கண்ணாடித் தட்டில் என் பெயர்

படிப்பகச் சுவரில் இதை வாசிக்கும் நண்பர்களே, எழுத்துகள் கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில் முதியோர் வகுப்பில் எழுதப் பழகிய கை.

சீதபேதி தீர்ந்துவிட்டதா என்று கேட்க இன்று நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தீராமல் பேத்தியைத் தொடக்கூடாது என்பது மகளின் கட்டளை. குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறது.

டாக்டரம்மா ஒரு கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதில் கிருமிகள் பாலாடை போலப் படர்ந்திருந்தன. நடுவே வட்ட வட்டமாக ஓட்டைகள்.

"உங்க வயித்துல இருந்த, கிருமியவிடச் சின்ன ஒண்ணு இந்தக் கிருமியத் தின்னுருக்கு, பாட்டா. உங்க நோய் போயாச்சு."

வெளிநாட்டுப் புத்தகத்தில் அதன் படத்தையும் காட்டினார். தலைப்பிரட்டை போலத் தலையும் வாலும். கண் இல்லை, வாய் இல்லை.

"அதுக்கு உசுரு உண்டா?"

"கிருமி கிடைச்சா பெருகும். கிடைக்காட்டா செத்தது மாதிரி கிடக்கும். குழாயில அடைச்சு வச்சா உங்களுக்குப் பொறவும் கிடக்கும்."

தட்டின் மூடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மலம் கொடுத்த புட்டியில் ஒட்டப் போன வாரம் நானே எழுதியது. வகுப்புக்கு வெளியே நான் முதன்முதலாக எழுதிய என் பெயர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகுதான் யோசித்தேன், அந்தப் பெயர் இனி எனக்கா, தட்டில் இருப்பதற்கா என்று.

வீட்டில் மகள் குழந்தையை என் மடியில் வைத்தாள்.

"இனி பயமில்லியே, அப்பா?"

"இல்ல, மக்கா."

குழந்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

உங்கள் வயிற்றில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அடுத்த வெள்ளிக்கும் நான் எழுதுவேன். அன்று கையெழுத்து திருந்தியிருந்தால், எழுதியது நான்தானா என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.