சிவப்பு ஐ.சி.யும் முழு விலை எண்ணெயும்

பம்புல ஐ.சி.யை, அதான் அடையாள அட்டையை, சொருகினாத்தான் சலுகை விலைன்னு அறிவிச்ச அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது நம்மள விடாதுன்னு. பெட்ரோலை நாங்க எண்ணெய்ன்னுதான் சொல்லுவோம். நீல ஐ.சி. வச்சிருக்கிற குடிமக்களுக்கு மாசம் இத்தனை லிட்டர்னு சலுகை எண்ணெய், மத்தவங்களுக்கு முழு விலை. எனக்குச் சிவப்பு. இங்கேயே இருந்துக்கலாம், ஆனா குடிமகன் இல்ல.

பொறந்தது இதே தீவுல, பாலிக் புலாவ் தோட்டத்துல. நான் பொறந்த மூணாம் நாளே எங்கப்பா பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஐயர்கிட்ட ஜாதகம் எழுதி வாங்கிட்டு வந்தாராம். நட்சத்திரம், லக்னம், நாழிகை எல்லாம் சுத்தமா எழுதி, ஓரத்துல மஞ்சள் தடவின நோட்டு. பிள்ளைக்குக் காகிதம் எடுத்தாச்சுன்னு மனுசன் நிம்மதியா இருந்துட்டாரு. பிறப்புப் பதிவு ஆபிஸுக்குப் போனது, பள்ளிக்கூடத்துல என்னைச் சேர்த்துக்க மாட்டேன்னு சொன்னப்புறம்தான். காலம் கடந்து பதிஞ்சதுல சிவப்புதான் கிடைச்சுது. எனக்குச் சனி எந்த வீட்டுல இருக்கான்னு கேட்டா இன்னிக்கும் சொல்லுவேன். எந்த நாட்டுக்காரன்னு கேட்டாத்தான் பேச்சு வராது. குடியுரிமைக்கு நாலு தடவ எழுதிப் போட்டேன். கடைசியா வந்த கடுதாசியைப் பிரிக்கவே இல்ல.

ஜெலுத்தோங் பிளாட்டுலேருந்து புக்கிட் தெங்கா பேக்டரிக்கு தினம் பாலம் தாண்டி கார் ஓட்டுறேன். ரெண்டு மாடி கீழ இருக்கிற தம்பி ஒருத்தன் கூட வருவான், அவனும் அதே பேக்டரிதான். எண்ணெய் நான் ஊத்துவேன், பாதிக் காசு அவன் தருவான். பதினொரு வருஷமா அப்படித்தான். என் ஐ.சி. என்ன கலர்னு மட்டும் அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னன்னு கேப்பீங்க. கேக்குறவங்களுக்கு என்ன, சுலபம்.

அதனால ஞாயித்துக்கிழமை காலைல யாரும் இல்லாத நேரமாப் பார்த்து, தனியாப் போய் முழு விலைக்கு ஊத்திட்டு வருவேன். தம்பிகிட்ட சலுகை விலையைச் சொல்லி அதுல பாதி வாங்கிக்குவேன். மிச்சம் என் வீட்டுச் செலவுலேருந்து போச்சு. அந்த நேரம் பார்த்து முட்டைக்கு இருந்த சலுகையும் போச்சு. என் மனைவி முட்டைக் குழம்புல முட்டையைப் பாதியா வெட்டிப் போட ஆரம்பிச்சா. ஏன்னு நான் கேக்கல, அவளும் சொல்லல.

ஒருநாள் துவைக்கப் போட்ட என் சிலுவார் பாக்கெட்டுல முழு விலை போட்ட ரசீது அகப்பட்டுச்சு அவளுக்கு.

"அந்தத் தம்பிகிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவளுக்கு நீல ஐ.சி. ஆனா சலுகை வேணும்னா ஏதாவது ஒரு வண்டி லைசன்ஸும் இருக்கணும். நாப்பத்தொம்போது வயசுல மோட்டார் சைக்கிள் லைசன்ஸுக்கு எழுதிக் கொடுத்துட்டு வந்து நின்னா. ஊர் சிரிக்கும்டின்னேன்.

"சிரிக்கட்டும்லா. பல்லுதானே தெரியப் போவுது."

பிளாட்டு வாசல்ல பழகுறப்போ ரெண்டு தடவ எல்லாரும் பார்க்க விழுந்தா. முழங்கால்ல கட்டுப் போட்டுக்கிட்டே பாஸ் பண்ணினா.

அடுத்த ஞாயிறு ரெண்டு பேருமா பம்புக்குப் போனோம். அவ கார்டைச் சொருகினா, நான் குழாயைப் பிடிச்சேன். அப்பத்தான் தம்பி மோட்டார் சைக்கிள்ல வந்து பக்கத்துல நிறுத்தினான். அவளைப் பார்த்தான், கார்டைப் பார்த்தான்.

"அண்ணே, உங்க கார்டு எங்க?"

"எனக்குச் சிவப்புடா."

பதினொரு வருஷம் சொல்லாதது, ரெண்டே வார்த்தை. அவன் மீட்டரையே பார்த்துக்கிட்டு நின்னான்.

"அப்ப இத்தன மாசமா எங்கிட்ட சொன்ன விலை?"

"சும்மா சொன்னது."

"என் மோட்டார் என்னண்ணே குடிக்குது? என் சலுகை லிட்டர்ல முக்கால்வாசி மாசாமாசம் வீணாத்தான் போவுது. தினம் உங்க பக்கத்துல உக்காந்து வர்றவன் நான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா கார்டை நீட்டியிருக்க மாட்டேனா? அண்ணிய போய் விழ வச்சிருக்கீங்களே."

வெக்கம் வரணும், வரல. கோபமும் வரல. பல்லுப் புடுங்க ஊசி போட்டா கன்னம் மரத்துப்போய் இருக்குமே, உள்ளுக்குள்ள அப்படி இருந்துச்சு. குழாயை மாட்டிட்டு வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தேன். முட்டைக் குழம்புதான் அன்னிக்கும்.

திங்கக்கிழமை காலைல தம்பி வழக்கம்போல வந்து ஏறினான். ஒரு மருந்து டியூப்பை என் முன்னால வச்சான்.

"அண்ணி முழங்காலுக்கு. அடுத்த ஞாயிறு கார்டோட நான் வர்றேன், அவங்க வீட்டுலயே இருக்கட்டும்."

சரின்னேன். பாலத்து நடுவுல போறப்போ முன்னால போற லாரி மங்கலாத் தெரிஞ்சுது. வைப்பரைப் போட்டேன்.

"மழை இல்லண்ணே"ன்னான் தம்பி.