வாசிக்க ஆளில்லாத அலுமாரி

பச்சைத் துணியில் சுற்றிய குர்ஆன் தமிழ் மொழிபெயர்ப்பு அது. திகனயில் புடவைக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் இருந்தார். வீட்டார் கொடுக்கும் புத்தகங்களைச் சிறையில் ஏற்கமாட்டார்கள், நன்கொடையாக வந்தால்தான் வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டு, அவருடைய மனைவி கண்டியில் என் வீட்டைத் தேடி வந்தார். “நோன்புக்கு முந்தி அவரு கையில சேரணும் தம்பி” என்றார். நண்பர்களிடம் சேகரித்த தமிழ்ப் புத்தகங்களை ஊருக்கு வெளியே இருந்த அந்தச் சிறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அப்போது என் வழக்கம். சணலால் கட்டி, முடிச்சுகளை எல்லாம் இடப்பக்கமே போடுவேன். பச்சைப் பொதியை மேலே வைத்துக் கட்டினேன். சிறையின் சிங்கள நலன்புரி அதிகாரி தேநீர் தந்து, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

அடுத்த முறை போனபோது நோன்புப் பெருநாளும் முடிந்திருந்தது. கட்டுகளைத் தூக்கிவர அனுப்பப்பட்ட கைதி அந்த நானாதான் என்பது அவர் கேட்டபோதுதான் தெரிந்தது.

“திகனயிலேந்து ஒரு பொம்பள உங்கள்ட்ட புத்தகம் தந்தாவா தம்பி?”

“தந்தாங்களே. நோன்புக்கு முந்தியே கொண்டுவந்து குடுத்தேனே.”

அவர் கட்டைக் கீழே வைத்துவிட்டார். “தமிழ்ப் புத்தகம் ஒண்டும் வரல்ல எண்டுதான் இங்க சொன்னாங்க. அவ உங்கள்ட்ட குடுத்தேன் எண்டு சொன்னா. பொய் எண்டு நெனச்சி, அவ பார்க்க வந்த நேரமெல்லாம் சந்திக்க நான் போகல்ல.”

அதிகாரியிடம் கேட்டேன். எந்தக் கூச்சமும் இல்லாமல் அலுமாரியைத் திறந்து காட்டினார். நான் முதன்முதலில் கொண்டுவந்த கட்டு முதல் எல்லாக் கட்டுகளும் அங்கே இருந்தன. ஒரு முடிச்சுகூட அவிழவில்லை.

“எனக்குப் பேச மட்டும்தான் தெரியும், மஹத்தயா. தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஆள் இங்க இல்ல. உள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எப்படி குடுக்கிறது?”

“நான் வாசித்துச் சொல்லட்டுமா?”

“கொண்டுவந்தவரே சரின்னு சொன்னா எப்படி?” என்று சிரித்தார்.

பச்சைத் துணியைப் பிரித்து, இது இவருடைய வேதம் என்றேன். அரபு எழுத்தைப் பார்த்ததும், “வேதமா? முதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே” என்று நானாவிடம் நீட்டினார். பிறகு நான் புதிதாகக் கொண்டுபோனவற்றையும் உள்ளே அடுக்கிப் பூட்டினார். எனக்கும் ஒரு தேநீர் வந்தது. குடிக்க முடியவில்லை.

நானா புத்தகத்தைத் திறக்கவில்லை. நெஞ்சோடு அணைத்தபடி, “புத்தகம் கெடச்சிட்டு எண்டு மட்டும் அவக்கிட்ட சொல்லுங்க தம்பி. மத்தத நானே சொல்றேன்” என்றார்.

அங்கிருந்து நேரே திகனக்குப் பஸ் ஏறினேன். அவர் மனைவி கடையில் துணி அளந்துகொண்டிருந்தார். அலுமாரியில் கிடந்த புத்தகம் இன்றுதான் அவர் கைக்குக் கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். தன்மேல் விழுந்த பழியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அப்ப நோன்பு முழுக்க அவரு கையில ஒண்டுமே இல்லாமயா இருந்தாரு?” என்றார்.