கடைசிக் கட்டத்துக்குத் தனிக் காசாம்

இன்று மலையூரான வாழவந்தி நாடு போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, போனில் நண்பனோடு மறுபடியும் சண்டை. காசு கொடுத்து வாங்கிய கேமில் கடைசிக் கட்டத்தைத் திறக்கத் தனிக் காசு கேட்கிறார்கள்.

"கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்காங்கடா, குடுத்தா என்ன?" என்கிறான் அவன்.

பக்கத்தில் அன்னாசிப்பழம் விற்கும் அக்கா, "என்ன கண்ணு சண்டை?" என்றார். சொன்னேன்.

நான் வாங்கிய பழத்தைத் தோல் சீவி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக்கொண்டே சொன்னார்: "இன்னொரு பழம் வேணும்னா காசு குடுக்கோணும். வித்த பழத்துலயே பாதிய ஒளிச்சு வெச்சுக்கிட்டுக் காசு கேட்டா எப்புடிங்க?"

போனில் கேட்டுக்கொண்டிருந்த நண்பன், "சரிடா, அக்கா சொல்றதுதான் நியாயம்" என்றான்.

ஒரு வாரச் சண்டையைத் தீர்த்துவைத்த அக்காவுக்கு நன்றி. சந்தோஷமாக இன்னொரு பழமும் வாங்கினேன். மிளகாய்த்தூளுக்கும் தீர்ப்புக்கும் அவர் காசு வாங்கவில்லை.

உங்கள் கேமில் தோல் சீவ எவ்வளவு கேட்கிறார்கள்?