இரண்டு சுழி பனி

எங்கள் மயூர் விஹார் குடியிருப்பில் தமிழர்கள் நடத்தும் நூலகம் ஒன்று இருக்கிறது. பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி ஓர் அறை, சில இரும்பு அலமாரிகள், ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்டைத் திறக்க நான். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்தச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். சென்ற வருடம் ஓர் அலமாரியைப் பெண்கள் பொறுப்பில் விடுவதாகக் கமிட்டி முடிவு செய்து, என்ன வாங்கலாம் என்று என்னைக் கேட்டது. பனி நூல்கள் என்றேன்.

கோலமும் சமையலும் கேட்பேன் என்று காத்திருந்த செயலாளரின் முகம் மலர்ந்துவிட்டது. தஞ்சாவூர்க்காரர், மத்திய அரசில் இருந்து ஓய்வு பெற்றவர். அச்சா, அச்சா என்று தலையாட்டியபடி அங்கேயே கைபேசியை வாயருகே வைத்துச் செய்தியைச் சொன்னார். கைபேசி அதை எழுதி எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டது. ‘மகளிர் அலமாரிக்குப் பணி நூல்கள்.’ கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. எழுத்துப் பிழையைப் பார்த்தேன். அந்தக் குழுவில் யார்தான் தமிழை ஒழுங்காக எழுதுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஏன் பனி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். டெல்லிக்கு வந்த புதிதில், ஜூன் மாத அனல்காற்றில், ஹாஸ்டல் அறையில் யாரோ விட்டுப்போன தென்துருவப் புத்தகம் ஒன்றைத் தலையில் ஈரத் துண்டு போட்டுக்கொண்டு படித்தேன். குளிர்ச்சிக்காகத்தான் எடுத்தேன். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. என்னை அப்பா நர்ஸிங் படிக்க அனுப்பினார், ஆஸ்பத்திரி இந்த வார்டுக்கும் அந்த வார்டுக்கும் அனுப்பியது. யாரும் அனுப்பாத இடத்துக்குத் தானாகக் கிளம்பிப் போனவர்களைப் படித்தபோது எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அதனால் தேர்ந்தெடுக்கும்போது நான் லேசில் திருப்தி அடைகிற ஆள் இல்லை. தரியாகஞ்சு ஞாயிறு சந்தையில் பழைய புத்தகங்களைக் கிளறுவேன். அட்டையில் ஒருவன் கொடியை நட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றால் அப்படியே கீழே வைத்துவிடுவேன். அந்த நிலத்தை யாரிடமிருந்து பிடித்தாராம், பெங்குவினிடமிருந்தா? வடதுருவப் பக்கம் போனவர் எழுதியது என்றால், காலங்காலமாக அங்கே குடியிருக்கும் மக்கள் புத்தகத்தில் வாய் திறந்து பேசுகிறார்களா என்று பார்ப்பேன். அடுத்தவர் வாசலில் போய் இறங்கிவிட்டுக் கண்டுபிடித்தேன் என்று எழுதுகிறவரை எனக்கு ஆகாது. கடைசியாகக் கால். குளிரில் விரல் செத்துப்போகும் பக்கத்தைத் தேடிப் படிப்பேன். முதலில் வெளுக்கும், மரத்துப்போகும். சூடு பட்டதும்தான் உயிர் போகிற வலி வரும். கறுப்பது அதற்கும் பிறகு. வெளுக்காமலே கறுத்துவிட்டால் ஆசிரியர் கதை விடுகிறார் என்று அர்த்தம். பனிக்கு இந்தியில் பர்ஃப். இவ்வளவு பர்ஃப் வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள் மேடம் என்று கடைக்காரர் கிண்டல் செய்தார். தமிழில் கிடைத்த கொஞ்சத்தைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன்.

புத்தகப் பெட்டியைத் திறந்த ஞாயிற்றுக்கிழமை அறை நிரம்பிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பெற்றோர்கள். இவ்வளவு பேருக்குப் பனிமேல் ஆசையா என்று நான் பூரித்துப்போனேன். திமிங்கலமும் பனிக்கரடியும் வெளியே வர வர எல்லோர் முகமும் தொங்கிப்போயிற்று. அவர்கள் வந்தது குடிமைப் பணித் தேர்வுப் புத்தகங்களுக்கு. டெல்லியில் தமிழனுக்குப் பணி என்றால் வேறென்ன?

“என்ன சிஸ்டர் இது? நான் பணின்னுதானே போட்டேன்?” என்றார் செயலாளர்.

“நீங்க போட்டது மூணு சுழி சார். நான் சொன்னது ரெண்டு சுழி.”

“வாயால சொல்றப்போ சுழி எங்கம்மா தெரியும்?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைகளில் பேசிப் பார்த்து முடிந்தவரை திருப்பிக் கொடுத்துவிடலாம், அதற்குப் பதில் தேர்வுப் புத்தகம் வாங்கலாம், அடுத்த ஞாயிறு ஓட்டுக்கு விடுவோம் என்றார். பிள்ளைகளின் எதிர்காலம், ஐஸைப் படித்து யார் என்ன ஆகப்போகிறார்கள் என்றார்.

“ஒண்ணும் ஆவ வேண்டாம் சார். படிக்கட்டும்” என்றேன். என் திருநெல்வேலித் தமிழ் கோபத்தில் வெளியே வந்துவிட்டது. ஒரு புத்தகத்தையும் பெட்டியில் போட மாட்டேன், போட வேண்டுமென்றால் சாவியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு ஒரு பெண் மட்டும் நின்றாள். வேலூர்ப் பக்கம். கணவர் ராணுவத்தில் இருந்து வந்தவர். அவரை எங்களில் யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. விசேஷ வீடானாலும் இந்த நூலகமானாலும், செருப்பைக் கழற்ற வேண்டிய இடமென்றால் ஷூவோடு வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விடுவார். மிலிட்டரித் திமிர் என்று பேசிக்கொள்வோம். அவள் ஒரு தமிழ்ப் புத்தகத்தில் விரல் செத்துப்போகும் அந்தப் பக்கத்தை விரித்து வைத்திருந்தாள்.

“எங்க வூட்டுக்காரருக்கு ஒரு கால்ல விரலே கெடையாது சிஸ்டர். இன்னா ஆச்சுன்னு கேட்டா, மலை மேல டூட்டி, பனின்னுவாரு. அதுக்கு மேல பேச மாட்டாரு. நம்மூருல மார்கழில பேயறதும் பனிதானே. அதுல எப்டி விரல் போவும்னு இத்தினி வருஷமா எனக்குப் புரியவே இல்ல.”

நான் நர்ஸ். எங்கள் மாடிப்படியில் எத்தனையோ தடவை அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்த நடையை ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. புத்தகத்தை அவள் பையில் வைத்து அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு செயலாளர் கையோடு ஒரு காலிப் பெட்டி கொண்டுவந்தார். நான் அலமாரிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். என்னை நகர்த்திவிட்டு எடுக்கட்டும் என்று இருந்தது. ஓட்டு என்று அவர் ஆரம்பித்தபோது அந்த ராணுவக்காரர் புத்தகத்தோடு வாசலில் நின்றார். வழக்கம்போல் அங்கிருந்தே நீட்டுவார் என்று நினைத்தோம். அவர் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். ஒரு ஷூ, இன்னொரு ஷூ, பிறகு சாக்ஸ். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். கூட்டம் முழுக்க அவர் காலையே பார்த்தது. பார்க்கட்டும் என்பது போலத்தான் நடந்தார்.

“குடுங்க சார், நானே பெட்டில வச்சுடறேன்” என்று செயலாளர் கை நீட்டினார்.

“திருப்பித் தர வரல சார்” என்றார் அவர். “அடுத்ததை எடுக்க வந்தேன்.”

நான் எழுந்து வழிவிட்டேன். ஒவ்வொன்றாக எடுத்து, விரல் செத்துப்போகும் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அவரும் தேர்ந்தெடுத்தார். அன்று ஓட்டு எடுக்கவில்லை. பணி நூல்களுக்கு வேறு அலமாரி பார்க்கிறார்களாம், பார்க்கட்டும். இந்த அலமாரியின் மேல் நான் தூரிகையால் பனி என்று எழுதிவிட்டேன், இரண்டு சுழியையும் வாசலில் இருந்தே எண்ணிக்கொள்ளும்படி.