தந்தை பெயரை இங்கே இடவும்

டுரியான் துங்காலில் இருக்கிற எங்கள் அச்சுக்கடைக்குக் கல்யாணக் கார்டு அடிக்க வருகிற எல்லாருக்கும் அவசரம். அவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். கூட்டாளியாகக் கடையில் உட்கார்ந்திருக்கும் என் தம்பியைத்தான் முடியாது. புதுக் கார்டு என்றால் அவன் போன வாரக் கார்டைத் திறப்பான், பெயர்களை மாற்றுவான், அதன்மேலேயே சேமித்துவிடுவான். பழையது போயே போச்சு. ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் கார்டில் இன்னொரு மாப்பிள்ளையின் தாத்தா வந்து உட்கார்ந்துவிட்டார். வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

பொறுத்துப் பார்த்துவிட்டு டெம்ப்ளேட் செய்ய உட்கார்ந்தேன். காதுகுத்துக்கு ஒரு போல்டர், புதுமனைக்கு ஒன்று, பதினாறாம் நாளுக்கு ஒன்று, கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் தனித்தனியாக. எதைத் திறந்தாலும் நகல்தான் திறக்கும். மாற்ற வேண்டிய இடமெல்லாம் சாம்பல் நிறக் கட்டம், அதற்குள் எதை இட வேண்டும் என்று ஒரு குறிப்பு. தம்பி கைபட்டுக் கட்டமே அழிந்துவிடக்கூடாது என்று அதற்கும் ஒரு பூட்டு. தந்தை பெயரை ஓரிடத்தில் தட்டினால் போதும், 'திரு. திருமதி' வரியிலும், 'அவர்களின் புதல்வி' வரியிலும், அடியில் அழைப்பவர் வரியிலும் தானாக விழும். எனக்கு ரொம்பப் பெருமை.

அப்போதுதான் ஓர் அக்கா கார்டு அடிக்க வந்தார். எஸ்டேட்டில் பிறந்தவர், இப்போது பத்து பெரண்டாம் என்கிற ஊரில் பேக்டரி வேலை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே புருஷன் விட்டுவிட்டுப் போய், தஞ்சோங் கிளிங் பக்கம் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். மகளுக்கு இப்போது கல்யாணம்.

"கார்டுல அவரு பேரு வேணாம்மா. நாந்தான் வளத்தேன், நாந்தான் கட்டிக் குடுக்குறேன். என் பேரு மட்டும் போடு" என்றார்.

கூட வந்திருந்த அவருடைய அண்ணன் விடவில்லை. "அதெப்படி லா? ஆளு உசுரோட இருக்கான். மாப்பிள்ள வீட்டு சைடுல கேக்க மாட்டாங்களா? இல்லாட்டி என் பேரையும் ஒன் அண்ணி பேரையும் போடச் சொல்லு."

"வேணாம்ணே."

நான் தந்தைக் கட்டத்தைக் காலியாக விட்டு ஒரு மாதிரி எடுத்தேன். 'தந்தை பெயரை இங்கே இடவும் அவர்களின் புதல்வி' என்று வந்தது. மேலேயும் அதுவே, கீழேயும் அதுவே. அண்ணன் அதைத் தட்டிக் காட்டினார். "பாத்தியா? கம்ப்யூட்டரே கேக்குது!"

அந்த அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்குக் கோபம் தலைக்கேறியது. கட்டத்தை அழிக்கப் பார்த்தேன், அழியவில்லை. தம்பிக்காக நான் போட்ட பூட்டு. சரி, தாய் பெயர்க் கட்டத்தில் போடலாம் என்று மேலும் கீழும் தேடினேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை. மண்டபத்துக்கு வழி காட்டும் படத்துக்குக் கட்டம் இருந்தது. கார் நிறுத்தும் இடத்துக்கு இருந்தது. சைவ விருந்தா அசைவ விருந்தா என்பதற்குக்கூட இருந்தது. அம்மாவின் பெயரை இதுவரை யாரும் கேட்டதில்லை. கணவன் பெயருக்கு முன்னால் 'திருமதி' போட்டால் அம்மா வந்தாயிற்று. எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கடையில் இருந்த எல்லார்மேலும் வந்தது, என்மேலும்.

"அக்கா, பழைய கார்டு ஒண்ணத் தொறந்து மாத்திரவா?" என்று என்னைக் கேட்டான் தம்பி.

"நீ வாயை மூடு!" என்று கத்திவிட்டேன்.

டெம்ப்ளேட்டை மூடிவிட்டு வெறும் பக்கத்தைத் திறந்து முதலிலிருந்து அடித்தேன். "ஐசி அடையாளக் கார்டுல இருக்குற மாதிரியே போடவாக்கா?" என்று கேட்டேன்.

"அதுல எங்கப்பா பேரும் சேந்து வரும். என் பேரு மட்டும்."

சொன்னார். மெதுவாகச் சொன்னதால் இன்னொரு தரம் கேட்டுத்தான் தட்ட முடிந்தது. அழைப்பவர் வரியின் நடுவில் அந்த ஒரு பெயர் மட்டும் விழுந்தது. அச்சாகி வந்ததும் அண்ணன் எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னா லா இது, முன்னாலயும் ஒண்ணுமில்ல, பின்னாலயும் ஒண்ணுமில்ல. மொட்டையா நிக்குது."

அக்கா தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நிக்கட்டும்ணே. இத்தன வருஷமா நானும் அப்படித்தான நின்னேன்."