சனிக்கிழமை மட்டும் காட்டன்

போன புதன்கிழமை, முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் கையை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஒண்ணுமே இல்லையே!” என்றார் ஒருவர்.

பார்த்தவர் டாக்டர் இல்லை. பள்ளிக்கூட முதலாளியின் மனைவி. கையை நீட்டிக்கொண்டு நின்றது அதே பள்ளியின் கணக்கு டீச்சர். பக்கத்தில் நாற்காலியில் நான்.

அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதலாம் என்று நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தேன். ம்ஹூம்... அதனால் இந்த வாரப் பத்தி கொஞ்சம் சூடாகவே இருக்கும். மன்னிக்கவும்.

டீச்சரின் பெயர் சுகுணா. என் நாத்தனார். பாலக்கோடு பக்கம் தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறாள். அவள் கணவர் செந்திலுக்குத் தக்காளி விவசாயம். அவளுக்கு அங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக் கணக்கு. அவளிடம் படித்த பிள்ளைகள் கணக்கில் தவறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவளுக்கு ஒரே ஒரு பிரச்சினை. துணி.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சட்டையின் கழுத்தில் லேபிள் இருந்தால் போட மாட்டாள். வெட்டிவிட்டால் மட்டும் போதுமா? வெட்டின இடத்தில் நைலான் நூலின் முனை ஒன்று முள் மாதிரி நிற்குமே... அதையும் ஊசியால் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். சுடிதாரை வீட்டில் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பித்தான் போடுவாள், தையல் பிசிறு உடம்பில் படாமல் இருக்க. புதுத் துணி என்றால் பலமுறை துவைத்து, அது பழசான பிறகுதான் அவளுக்குப் புதுசு.

கரும்பு ஆலைப் பக்கம் பஸ் போகும்போது நாங்களெல்லாம் மூக்கைப் பொத்துவோம். இவள் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். வெயில், மழை, சத்தம் எதுவும் இவளை ஒன்றும் செய்யாது. ஆனால் பிளவுஸ் கையின் ஓரத்தில் ஒரு ஜரிகை இழை உரசினால் போதும், அன்றைய நாள் காலி.

வீட்டில் இதற்கு என்ன பெயர் என்று நினைக்கிறீர்கள்? ‘மகாராணி உடம்பு.’

அவளோடு துணிக்கடைக்குப் போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன். சேலையை எடுத்து நிறம் பார்க்க மாட்டாள். மணிக்கட்டின் உள்பக்கம் தேய்ப்பாள். பிறகு கழுத்தில். பிறகு கன்னத்தில். ஒரு தடவை தர்மபுரியில் ஒரு கடைக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

“ஏனுங்க மேடம், கட்டறதுக்குப் பாக்கறீங்களா, மூஞ்சிக்குப் பூசறதுக்குப் பாக்கறீங்களா?”

கடையே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். வேறென்ன செய்வாள்?

யோசித்துப் பார்த்தால் அவள் செய்வதுதான் சரி. துணியை நாம் கண்ணால் வாங்குகிறோம். நாள் முழுக்க அதோடு குடித்தனம் நடத்துவது தோல். தோலிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்கிறோமா?

சரி, கதைக்கு வருகிறேன்.

ஜூனில் பள்ளி திறந்தபோது ஓர் அறிவிப்பு. டீச்சர்கள் எல்லோருக்கும் யூனிஃபார்ம் சேலை. நல்ல விஷயம்தான் என்று சொல்பவர்கள் உண்டு. இன்றைக்கு எதைக் கட்டுவது என்ற தலைவலி இல்லை பாருங்கள். ஆனால் வந்த சேலை? மயில் நீலத்தில் சிந்தடிக் கிரேப். ஓரத்தில் பிளாஸ்டிக் ஜரிகை பார்டர். காலர் வைத்த பிளவுஸ், காலருக்குள் விறைப்பாக கேன்வாஸ். மின்விசிறி பாதி வேகத்தில் சுற்றும் வகுப்பறையில், காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே பாடம் நடத்த... இது.

சுகுணா கட்டிப் பார்த்தாள். முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளே பழைய பனியன் போட்டுக் கட்டினாள். கழுத்தில் பவுடர் கொட்டிக் கட்டினாள்.

“போர்டுல எழுதிக்கிட்டே இருக்கேங்க அண்ணி. கழுத்துப் பின்னாடி எறும்பு ஊர்ற மாதிரியே இருக்குது. திரும்பிப் பாத்தா, அடுத்த ஸ்டெப் என்னன்னு மறந்துபோச்சு. எனக்கு! ரெண்டாவது பெஞ்சுல ஒரு புள்ள, ‘மைனஸ் போட மறந்துட்டீங்க மிஸ்’ங்குது” என்றாள் போனில்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஓடிப்போய் சேலையை அவிழ்த்து எறிவாளாம். அதுவரை யார் என்ன பேசினாலும் எரிந்து விழுவாளாம். பிள்ளைகள் ஒதுங்கிப்போக ஆரம்பித்தார்கள். செந்திலும் ஒருநாள் கேட்டிருக்கிறார்.

“அத்தன பேரும் அதைத்தான கட்றாங்க? உனக்கு மட்டும் என்னா வந்துது?”

என்ன வந்தது? அதற்குப் பதில் தெரிந்தால் அவளே சொல்லியிருக்க மாட்டாளா?

ஒரு மாதம் ஆனதும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அதே நீலத்தில் மெல்லிசான காட்டன் சேலை ஒன்றைத் தேடிப் பிடித்தாள். அதையும் பள்ளிச் சேலையையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் தெருவில் தையல்காரர் மும்தாஜ் இருக்கிறார். அவரிடம் போனோம். பள்ளிச் சேலையின் பார்டரை வெட்டி, காட்டன் சேலையின் கீழ் ஓரத்திலும் முந்தானையிலும் வைத்துத் தைக்கவேண்டும். இடுப்பில் சொருகும் பக்கம் வேண்டாம். அது யார் கண்ணில் படப்போகிறது? பிளவுஸிலும் காலர் இருக்கும், கேன்வாஸ் இருக்காது.

மும்தாஜ் புலம்பிக்கொண்டேதான் தைத்தார். “உங்க நாத்தனாருக்கு ஒண்ணு தச்சு முடிக்கிற நேரத்துல நான் மூணு கஸ்டமர அனுப்பிடுவேங்க்கா!”

நாலடி தள்ளி நின்றால் அது பள்ளிச் சேலையேதான். அதைக் கட்டிக்கொண்டு ஜூலையிலிருந்து பாடம் நடத்தினாள் சுகுணா. கணக்கும் வந்தது, சிரிப்பும் வந்தது. வீட்டில் பிள்ளைகள் மறுபடியும் மடியில் ஏறினார்கள்.

போன மாதம் பெற்றோர் கூட்டம். கூட்டம் நடந்தது மத்தியானம். காட்டன் என்ன செய்யும்? மத்தியானத்துக்குள் கசங்கும். அதுதானே அதன் குணம்? மற்ற டீச்சர்களின் சேலையெல்லாம் பிளாஸ்டிக் பை மாதிரி விறைப்பாக நிற்க, இவளுடையது மட்டும் சுருக்கம் சுருக்கமாக இருந்திருக்கிறது. பள்ளி முதலாளியின் மனைவிதான் அங்கே நிர்வாகம். எல்லோருக்கும் அவர் ‘மேடம்’. மேடம் கவனித்துவிட்டார்.

“இஸ்திரி போடலையா சுகுணா மிஸ்?” என்று கேட்டபடி கிட்டே வந்தவர், முந்தானையின் நுனியை ரெண்டு விரலால் தூக்கித் தடவிப் பார்த்திருக்கிறார். பெற்றோர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் நிற்கிறார்கள்.

“இது நம்ம சேலையே இல்லையே! பார்டரை மட்டும் ஒட்டி ஏமாத்தறீங்களா?”

ஏமாற்றுவது! பிள்ளைகளுக்கு நேர்மையாகப் பாடம் நடத்துவதற்காக ஒருத்தி தன் உடம்புக்கு ஒரு வழி செய்துகொண்டாள். அதற்குப் பெயர் ஏமாற்று.

வேறு துணி கட்டவேண்டுமென்றால் டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். தர்மபுரியில் தோல் டாக்டர் ஒருவரிடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அலர்ஜியெல்லாம் இல்லம்மா. சில பேருக்கு உணர்ச்சி அப்படி. நமக்குத் தெரியாத உரசல்கூட அவங்களுக்குப் பெருசாத் தெரியும். இது வேணும்னு பண்றதில்ல. பழக்கினா போயிரும்னும் சொல்ல முடியாது” என்றார். பருத்தி உடையே இவருக்கு ஏற்றது என்று எழுதியும் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தோடுதான் புதன்கிழமை போனோம். மேடம் அதை ஒரு பார்வை பார்த்து மேஜையில் கவிழ்த்து வைத்தார். பிறகுதான் அந்தக் கை பார்க்கும் வைபவம்.

“ஒரு தடிப்பு இல்ல. ஒரு செவப்பு இல்ல. என்னான்னு நம்பறது?”

“தடிச்சிருந்தா நம்புவீங்களா மேடம்?” என்றாள் சுகுணா. குரல் உயரவில்லை.

“இத்தன டீச்சருங்க கட்றாங்க. யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னாங்களா?”

எனக்கு அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. மேடத்தின் சேலையைப் பார்த்தேன். துவைத்துத் துவைத்து மிருதுவான, அழகான கைத்தறி.

“நீங்க கட்டியிருக்கிறது என்ன சேலைங்க மேடம்?”

அவர் முகம் மலர்ந்தது. “இதுவா? மங்களகிரி காட்டன். எனக்கு வேற எதுவும் ஒத்துக்காதுங்க. சிந்தடிக் கட்டுனா ஒரு மாதிரி புழுங்கும்...”

பாதியில் நிறுத்தினார். அந்த அறையில் ஏசி வேறு ஓடிக்கொண்டிருந்தது.

“நான் கிளாஸ் எடுக்கறதில்லையே” என்றார் கடைசியில்.

நியாயம்தானே? வகுப்பெடுக்காதவருக்குப் புழுங்கும். வகுப்பெடுப்பவருக்குப் புழுங்காது!

ஆனால் மேடம் லேசுப்பட்டவர் இல்லை. மணியை அடித்து, தமிழ் டீச்சர் வளர்மதியை வரச் சொன்னார். பள்ளி ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர். ஸ்டாஃப் ரூமில் சுகுணாவுக்குப் பக்கத்து நாற்காலி.

“வளர்மதி மிஸ், இந்தச் சேலையில உங்களுக்கு ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?”

வளர்மதி சுகுணாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

“இல்லீங்க மேடம்.”

“பாத்தீங்களா?” என்றார் மேடம். வளர்மதி போய்விட்டார். பிறகு மேடம் ஒரு பெரிய சலுகை அறிவிக்கிற குரலில் சொன்னார். “சரி, உங்களுக்காக ஒண்ணு பண்றேன். சனிக்கிழமை மட்டும் காட்டன் கட்டிக்கோங்க. திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் நம்ம சேலை.”

“என் உடம்புக்குக் கிழமை தெரியாதுங்க மேடம்” என்றாள் சுகுணா.

மேஜையில் கவிழ்ந்து கிடந்த டாக்டர் காகிதத்தை எடுத்தாள். நிமிர்த்தி அவர் முன்னால் வைத்தாள்.

“பப்ளிக் எக்ஸாம் முடியற வரைக்கும் என் புள்ளைங்கள நான் விட மாட்டேன். தினமும் வருவேன். இந்தக் காட்டன்லதான் வருவேன். ஆகாதுன்னா இப்பவே சொல்லிருங்க. நாளையிலேருந்து நின்னுக்கறேன்.”

மேடம் கணக்குப் போட்டார். முகத்திலேயே தெரிந்தது. வாசலில் ஆளுயர பேனர் வைத்திருக்கிறார்கள். கணக்கில் சதம் அடித்த பிள்ளைகளின் படங்கள். எல்லாம் இவளிடம் படித்த பிள்ளைகள். பரீட்சை நெருங்கும் நேரத்தில் இன்னொரு சுகுணாவுக்கு எங்கே போவது?

“சரி. கிளாஸ்ல கட்டிக்கோங்க. ஆனா ஃபங்ஷன், மீட்டிங், ஃபோட்டோ எதுலயும் முன்னாடி வந்து நிக்கக் கூடாது. யூனிஃபார்மிட்டி கெட்டுப்போயிரும்.”

புரிகிறதா? அவள் வாங்கித் தரும் மார்க் பேனரில் இருக்கலாம். அவள் இருக்கக் கூடாது.

அறையிலிருந்து வெளியே வந்தோம். மாடிப்படி ஓரத்தில் வளர்மதி காத்திருந்தார். சுகுணாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுரு கண்ணு. எனக்குத் தொடையெல்லாம் உராஞ்சு புண்ணாக் கெடக்குது. தெனம் ராவுல எண்ணெ போட்டுக்கறேன். ரெண்டு புள்ளைங்களும் இங்க ஃபீஸில்லாம படிக்குதுங்க. நான் எப்புடி வாயத் தொறக்கறது?”

கேட்டீர்களா? நிஜமாகவே புண் இருப்பவரால் பேச முடியவில்லை. பேச முடிந்தவளிடம் புண்ணைக் காட்டு என்கிறார்கள். ‘யாருமே சொல்லவில்லையே’ என்று நம் ஊரில் எத்தனை முதலாளிகள், எத்தனை மாமியார்கள், எத்தனை அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்! சொல்ல விட்டால்தானே சொல்வார்கள்?

எனக்கு ஒன்று புரியவில்லை. காரம் ஆகாது என்றால் தனியாகக் குழம்பு வைக்கிறோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் குமட்டாது என்றால் எழுந்து இடம் கொடுக்கிறோம். கண்ணாடி போட்டவரிடம், ‘கண்ணு நல்லாத்தானே இருக்கு, கழட்டு’ என்று யாராவது சொல்கிறோமா? துணி உறுத்துகிறது என்றால் மட்டும் ஏன் அது திமிர் ஆகிறது? அதிலும் ஒரு பெண் சொன்னால்?

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சுகுணா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“வளர்மதி மிஸ்ஸத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேங்க அண்ணி. நாளைக்கு என் பக்கத்து சேர்ல எப்புடி வந்து உக்காருவாங்க, பாவம்” என்றாள்.

அடுத்த நாள் வளர்மதி வந்து உட்கார்ந்தாராம். சுகுணா தன் பையிலிருந்து மெல்லிசான காட்டன் உள்பாவாடை ஒன்றை எடுத்து, யாருக்கும் தெரியாமல் அவர் மடியில் வைத்தாளாம். மேடத்தின் விதியில் உள்பாவாடையைப் பற்றி ஒன்றுமில்லை!

செந்தில்? நடந்ததையெல்லாம் நான்தான் போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, “அவ வூட்டுக்கு வந்து இதுல ஒண்ணும் சொல்லலீங்களே...” என்றார். நீங்கள் எப்போது கேட்டீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். சனிக்கிழமை மார்க்கெட்டிலிருந்து வரும்போது, அதே நீலத்தில் இன்னொரு காட்டன் சேலை வாங்கி வந்தாராம். துவைத்துக் காயப்போட்டால் மாற்றுக்கு வேண்டுமே என்றாராம். அது முரட்டுக் காட்டன், அவளுக்கு ஆகாது. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

நேற்று எனக்கு ஒரு போன். மேடம்தான்.

“நீங்க வாராவாரம் எழுதறவங்கன்னு அப்புறம்தாங்க தெரிஞ்சுது. நம்ம ஸ்கூல் பேரு, என் பேரு எதையும் போட்டுறாதீங்க...”

சத்தியமாகப் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். போடவில்லைதானே, மேடம்?