முனியாண்டி மேடையைத் துப்புரவு செய்த இளங்குமரன்

இளங்குமரனுக்கு ஊரைத் திருத்தும் ஆசை எப்போது பிடித்தது என்று அவனைப் பெற்றவளுக்கே தெரியாது. தெமியாங் என்ற நகர்ப்பகுதியில் பிறந்தவன். தாத்தா தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதிய கிராணி, அப்பா வங்கி அதிகாரி. படிப்பு முடிந்ததும் 'விழுது' என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, தன் பெயருக்குக் கீழே 'நிறுவனர்' என்று அச்சடித்துக்கொண்டான். நீலாய்க் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் சிலர் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு அவன் பின்னால் திரிந்தார்கள்.

சுவா என்ற சிற்றூரைத் தாண்டி உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. அங்கே கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினான். அதைக் குறை சொன்னால் பாவம். பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறியது உண்மை. ஆனால் பாடம் நடந்த நேரத்தைவிடப் படம் பிடித்த நேரம் அதிகம்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பெரிய நிறுவனத்தார் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. பணம் கொடுக்க அவர்கள் மனம் வைத்தால்தான் வகுப்பு தொடரும். வெறும் வகுப்பைக் காட்டினால் எடுபடாது என்று நினைத்து, மது ஒழிப்பு இயக்கம் ஒன்றையும் கிளப்பினான் இளங்குமரன். மாணவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு தோட்டம் முழுக்கப் போத்தல் பொறுக்கினார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஆலமரத்தடியில் நல்ல வேட்டை. பீர் போத்தல், சுருட்டு, நறுக்கிய எலுமிச்சம்பழம். எல்லாவற்றையும் குப்பைப் பையில் கொட்டிவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். 'குடிகாரர் கூடாரம் ஒழிந்தது' என்று இளங்குமரன் ஃபேஸ்புக்கில் படம் போட்டான்.

அது வெள்ளிக்கிழமை முனியாண்டி சாமிக்கு வைத்த படையல். சூலமும் மஞ்சள் துணி கட்டிய கல்லும் அந்தப் படத்திலேயே தெரிந்தன. நிறுவனர் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

பூசாரி சன்னாசி மண்டபத்தைப் பூட்டினார். பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். இளங்குமரன் காரைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான்.

"சின்ன மிஸ்டேக் லா அக்கா. ஸ்டூடண்ட்ஸுக்குத் தெரியாது."

மூன்று பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பும் தனலெட்சுமி விடவில்லை. "கேக்க வாய் இல்லயா தம்பி? என் வீட்டுக்காரரு குடிச்சா நானே வெளக்கமாத்தால சாத்துவேன். சாமிய எதுக்குக் குடிகாரன்னு ஊரு பூரா காட்டுனீங்க?"

"டிலீட் பண்ணிட்டேன் அக்கா. ஸாரி சொல்லி இன்னொரு போஸ்ட் போடுறேன்."

"எங்க சாமி ஃபேஸ்புக்கெல்லாம் பாக்குறதில்ல," என்றார் சன்னாசி. "எடுத்தத திருப்பி வைங்க. ஆள உட்டு அனுப்பாதீங்க, நீங்களே வாங்கிட்டு வாங்க."

மாற்றுச் சட்டை கொண்டுவரவில்லை. போத்தலுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட இயக்கச் சட்டையோடே சுவா கடைக்குப் போய் நின்றான். சீனக் கடைக்காரர் சட்டையைப் பார்த்தார், அவன் கேட்ட பீரைப் பார்த்தார், பையில் போட்டுக் கொடுத்தார்.

மேடையில் எல்லாவற்றையும் வைத்ததும் அவன் கை தானாகக் கைப்பேசியைத் தேடிப் போனது.

"கும்புடுங்க தம்பி," என்றாள் தனலெட்சுமி. "அதுக்கு ரெண்டு கையும் வேணும்."

கும்பிட்டான். சாமி பொறுமைசாலி. சன்னாசியும் சாவியை எடுத்தார்.

சனிக்கிழமை மண்டபம் நிறையப் பிள்ளைகள். வந்தவர்களுக்கு மனம் நிறைந்துவிட்டது. வகுப்பை நிறுத்த வேண்டாம் என்றார்கள். "எதையுமே தோட்டத்து மக்கள கேட்டுத்தான் செய்வோம் சார்," என்றான் இளங்குமரன், முகம் கொஞ்சமும் மாறாமல்.

பின்னால் நின்ற தனலெட்சுமிக்கு இருமல் வந்துவிட்டது.